அம்மாவின் அறைக்கு வெள்ளரியா, நுங்கா?

அம்மாவின் அறைக்குப் பெயின்ற் எடுக்க வேண்டும். தெரிவு இரண்டில் வந்து நின்றுவிட்டது. இரண்டும் மெல்லிய பச்சை, நிற அட்டையில் அடுத்தடுத்த கட்டம். கடைக்காரத் தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்டுதானே அக்கா" என்றான். கடையின் வெள்ளைக் குழல்விளக்குக்குக் கீழே அவன் சொன்னது சரிதான். ஆனால் அதே அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் கட்டில் தலைமாட்டில் பிடித்துப் பார்த்தால் ஒன்று பச்சை, மற்றது கிட்டத்தட்ட நீலம். இதை எப்படித் தீர்த்தோம் என்று விரிவாகவே எழுதுகிறேன். சுவர் நிறம் பற்றித் தமிழில் தேடினால் எந்தத் திசைச் சுவருக்கு எந்த நிறம் அடித்தால் என்ன பலன் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, எனக்கு வேண்டியதோ வெளிச்சத்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் யாராவது எழுதிய ஒரு பக்கம்.

அட்டையில் இரண்டுக்கும் நீளமான ஆங்கிலப் பெயர்கள். அம்மா அவற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சேலைக்கடையில் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல் என்று பொருளைச் சொல்லியே நிறம் கேட்டுப் பழகியவர் அவர். மஞ்சள் ஒரு துளி கலந்த மாதிரி இருந்ததற்கு வெள்ளரி என்று பெயர் வைத்தார், நீலப் பக்கம் சாய்ந்ததற்கு நுங்கு. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பெயர். பெயின்ற் அடிக்க வரும் அண்ணாவும் இப்போது வெள்ளரி, நுங்கு என்றுதான் பேசுகிறார். எனக்கு முதலில் பிடித்தது நுங்கு. எங்கள் திருகோணமலையின் டச்சு விரிகுடாவில் காற்றே இல்லாத ஒரு விடியலில் கரையோரத் தண்ணீர் எப்படி இருக்குமோ அந்த நிறம் அது, அட்டையில் பார்த்தவுடன் மனது அங்கே போய்விட்டது.

பெயின்ற் கம்பனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுக்கின்றன. தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான எண் அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. எங்கள் இரண்டு நிறங்களும் எழுபதுகளின் நடுவில், ஏறத்தாழ ஒரே எண்ணில் நிற்கின்றன. அதனால் அறை வெளிச்சமாக இருக்குமா இருட்டடிக்குமா என்ற கேள்வி முதலிலேயே அடிபட்டுப் போனது, மிச்சம் இருந்தது நிறத்தின் சாய்வு மட்டும். மெல்லிய நிறங்களில் சிக்கலே அங்கேதான். ரின்னுக்குள் இருப்பதில் பெரும்பகுதி வெள்ளை, சாயம் சில துளிகள்தான். கடும் சிவப்பு காலையிலும் சிவப்பு, இரவிலும் சிவப்பு. வெள்ளைக்குக் கிட்ட இருக்கிற நிறம் அப்படி நிற்காது, எந்த வெளிச்சம் வந்து விழுகிறதோ அதன் பக்கம் போய்விடும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரிவது துணிச் சாயத் தொழிலிலும் பெயின்ற் தொழிலிலும் பழைய தலைவலி. கடையில் ஒன்று, வீட்டில் இரண்டு என்று ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிதானமாகப் பார்க்க எங்களுக்கு நேரம் கிடைத்தது சுவரால். வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. அறையின் கிழக்குச் சுவர் ஒவ்வொரு மாரிக்கும் கீழ்ப்பக்கம் பொக்களித்து, பெயின்ற் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது, தண்ணீர் காய்ந்து போனபின் உப்பு மட்டும் பெயின்றுக்குப் பின்னால் பளிங்காகி அதைத் தள்ளிவிடுகிறது. மேலே எத்தனை முறை அடித்தாலும் இதுதான் நடக்கும் என்பதால் இந்த முறை இடுப்பளவுக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். புதுச் சீமெந்துப் பூச்சுக்கு ஏறக்குறைய 28 நாளாவது விட வேண்டும் என்பது பெயின்ற் கம்பனிகள் பொதுவாகச் சொல்கிற விதி. காயாத சீமெந்து கடும் காரம், அது சில சாயங்களை வெளிறச் செய்துவிடும். மெல்லிய நிறத்தில் அந்தத் திட்டு அப்படியே முகத்தில் அறையும். சரி, சுவர் காயட்டும், அதுவரை நிறத்தைப் பார்ப்போம் என்று தொடங்கினோம்.

இரண்டு நிறத்திலும் சிறிய ரின் ஒவ்வொன்று எடுத்து, பெரிய வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்தோம். சுற்றிவர ஓரத்தில் வெள்ளை தெரியும்படி விட்டோம். அண்ணா "சுவரிலேயே ஒரு தட்டுத் தட்டிப் பாப்பமே" என்றார், பலரும் செய்வது அதுதான். ஆனால் எங்கள் பழைய சுவர் வெளிறிய ரோஸ். ரோஸுக்கு நடுவில் எந்தப் பச்சையை வைத்தாலும் அது இருப்பதைவிடப் பச்சையாகத் தெரியும். இதை ஒழுங்காக ஆராய்ந்தவர் செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கொபலாங் அரச நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பேற்றவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வர, சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடும் என்பது அவர் கண்டது. அதனாலேயே வெள்ளரியையும் நுங்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். சேர்த்து வைத்தால் ஒன்று மற்றதை மஞ்சளாக்கும், மற்றது இதை நீலமாக்கும். அம்மா அந்த அறையில் எந்தக் காலத்திலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் போவதில்லையே. அதனால் ஒரு நாள் வெள்ளரி, அடுத்த நாள் நுங்கு, ஒவ்வொரு சுவருக்கும் மூலைக்கும் அட்டையை நகர்த்திப் பார்த்தோம். மூலையை விடவே கூடாது, இரண்டு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றதில் கொட்டுவதால் அங்கே நிறம் எப்போதும் கூடித்தான் தெரியும், அறை முழுக்க அடித்தபின் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே ஓரளவு சாட்சி.

இதற்கிடையில் கனடாவில் இருக்கும் அக்காவுக்கு வட்சப்பில் படம் போனது. போன் கமெரா வெள்ளையைத் தானே சரிசெய்துவிடும், காலையில் எடுத்த வெள்ளரியும் பின்னேரம் எடுத்த நுங்கும் அவளுக்கு ஒரே நிறமாகவே போய்ச் சேர்ந்தன. போன் படத்தை நம்பி நிறம் முடிவெடுக்காதீர்கள். ஆனால் அக்கா சொன்ன இன்னொரு விஷயம் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. அம்மாவின் அறைப் பெரிய யன்னல் வடக்குப் பார்த்தது, வடக்கு அறைக்கு நீலம் சாய்ந்த நிறம் அடித்தால் குளிர்ந்து கிடக்கும், அதனால் வெள்ளரிதான் என்றாள். கனடாவில் அது முழுக்க உண்மை, அங்கே மத்தியானச் சூரியன் என்றைக்கும் தெற்கில்தான் நிற்கும். வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாடுகளில் இருந்துகொண்டு எழுதுவதால் அதை ஊருக்கெல்லாம் பொதுவான விதியாகவே எழுதிவிடுகிறார்கள். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. சித்திரை பிறக்கிற நாட்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அதற்குப் பிறகு ஓகஸ்ட் முடியும்வரை மத்தியானத்தில் எங்களுக்கு வடக்கே. ஜூன் கடைசிப் பத்தில் உச்சியிலிருந்து ஏறக்குறைய 15 பாகை வடக்கு. உச்சி வெயிலைத் தாழ்வாரம் மறைத்துவிடும், ஆனால் காலையிலும் பின்னேரத்திலும் சாய்வெயில் வடக்கு யன்னலால் உள்ளே வந்து தரையில் விழும். செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை அது வெயில் காணாத யன்னல், மார்கழி, தையில் வானமும் மூடிக்கிடக்கும். எனவே அம்மாவின் அறை அரை வருடம் ஒரு மாதிரி, அரை வருடம் இன்னொரு மாதிரி, கச்சான் காற்றுக் காலத்துக்கு ஒரு அறை, வாடைக் காற்றுக் காலத்துக்கு ஒரு அறை. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் சின்ன வயதில் அந்த யன்னல் கம்பியின் நிழல் தரையில் விழுந்ததை நினைவுபடுத்திப் பார்த்து ஒத்துக்கொண்டாள்.

வெளியே ஒரு வேம்பு. வெயில் அந்த இலைகளில் பட்டு வரும்போது வெளிச்சமே பச்சையாகி வருகிறது, பத்து மணிக்கு மேல் வெள்ளரி அந்த யன்னலுக்கு எதிர்ச் சுவரில் அளவுக்கு மீறிப் பச்சையாக நின்றது, எனக்கு அது உறுத்தியது. உள்ளே சிவப்புச் சீமெந்துத் தரை, அப்பா காலத்தில் போட்டது, அம்மா இன்றைக்கும் அதைத் தேங்காய்ப்பொச்சால் தேய்த்து மினுக்கச் சொல்வார். கிழக்குச் சின்ன யன்னலால் காலை வெயில் வந்து அந்தத் தரையில் விழும்போது சுவரின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மை ஏறுகிறது. பச்சைக்கு மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தால் பச்சை அடங்கிச் சாம்பல் பக்கம் போகும். நுங்கு அந்த நேரத்தில் கீழே சாம்பல், மேலே நீலம் என்று ஒரே சுவரில் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளரி கீழே கொஞ்சம் பழுத்த மாதிரி, மேலே தெளிந்த பச்சை, ஆனால் ஒரே நிறமாகவே நின்றது. எனக்கு நுங்கில் இருந்த பிடிப்பு தளரத் தொடங்கியது அங்கேதான்.

இரவு வேறு கதை. எங்கள் ஊரில் பல வீடுகளில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடி பல்ப், பகல் வெளிச்சம் என்று பெட்டியில் போட்டிருக்கும். கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலப் பக்கம் போகும், இது நீலம் கூடிய வெளிச்சம். அதன் கீழே நுங்கைப் பார்த்த அம்மா "ஆஸ்பத்திரி வாட்டு மாதிரிக் கிடக்கு" என்றார். சமீபத்தில்தான் ஒப்பரேசன் முடித்து வந்தவர் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் ஒன்றை மாட்டிப் பார்த்தோம், நுங்கு உடனே கனிந்து அழகாகிவிட்டது, வெள்ளரியோ சற்று அழுக்கு மஞ்சளாகப் போனது. அப்படியானால் பல்பை மாற்றிவிட்டு நுங்கு அடிக்கலாமே என்று தோன்றும். தோன்றியது எனக்கும். ஆனால் அம்மா இரவில் மாத்திரை அட்டையின் எழுத்தை வாசிக்க வேண்டும், தேவாரப் புத்தகம் வாசிக்க வேண்டும், அவருக்கு அந்த வெள்ளை வெளிச்சம்தான் தெளிவு. நிறத்துக்காக அவருடைய பல்பைக் கழற்றுவது சரியாகப் படவில்லை. நடுவில் 4000 கெல்வினில் ஒன்று கிடைக்கிறது, அதை இப்போது மாட்டியிருக்கிறோம், அம்மாவுக்கும் அது ஒத்துக்கொண்டது.

இனித்தான் முக்கியமான விஷயம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் கண்புரை எடுத்து வில்லை வைத்தாயிற்று, மற்றக் கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. ஒரு நாள் நுங்கு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையால் ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை மூடினார், திரும்பவும் முதல் கண். "பிள்ளை, இந்தக் கண்ணுக்கு இது நீலம், அந்தக் கண்ணுக்கு வெள்ளரி மாதிரியே கிடக்கு" என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. வயது போகப்போகக் கண்ணின் வில்லை மஞ்சளாகி, புரை முற்றினால் பழுப்பாகவும் ஆகும், உள்ளே வரும் வெளிச்சத்தில் நீலப் பக்கத்தை அது வடிகட்டிவிடுகிறது. வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் ஆளுக்குத் தெரிவதில்லை, மூளையும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. அந்த வில்லையை எடுத்துத் தெளிவான செயற்கை வில்லை வைத்தவுடன் நீலம் திரும்ப வந்து கொட்டுகிறது. ஒப்பரேசன் செய்த பலர் முதலில் சொல்வதே வெள்ளை எல்லாம் நீலமாக இருக்கிறது என்பதைத்தான். பிரெஞ்சு ஓவியர் மொனேயும் இப்படித்தான். புரை முற்றிய காலத்து ஓவியங்களில் செம்மையும் பழுப்பும் ஏறிக் கிடக்கும், 1923இல் வலக்கண்ணில் ஒப்பரேசன் செய்தபின் நிறங்கள் தனக்கு மாறித் தெரிகின்றன என்று மிகவும் அவதிப்பட்டார்.

அப்படியென்றால் அம்மாவின் எந்தக் கண்ணைக் கேட்பது? நாங்கள் புதுக் கண்ணைக் கேட்டோம். மற்றக் கண்ணுக்கும் நாள் வைத்திருக்கிறார்கள், அது முடிந்தபின் இந்தச் சுவரை அவர் பார்க்கப் போவது இரண்டு தெளிந்த கண்ணாலும்தான். பழைய கண்ணுக்காக எடுத்தால் நுங்கு அவருக்கு இன்று இதமாக இருக்கும், சில மாதத்தில் சுவர் நீலமாகிவிடும். ஒப்பரேசன் காத்திருக்கும் பெரியவர்களின் அறைக்கு நிறம் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசியுங்கள், முடிந்தால் ஒப்பரேசன் முடியும்வரை பெயின்றைத் தள்ளிப் போடுங்கள். எங்களுக்கு மாரிக்கு முன் சுவரை மூட வேண்டியிருந்ததால் தள்ளிப்போட வழியில்லை.

அம்மா எந்த நேரத்தில் அந்த அறையில் இருக்கிறார் என்பதையும் பார்த்தோம். விடியமுன் எழும்புவார், லைட் போடமாட்டார், வேம்பில் காகம் கரையும்வரை கட்டிலில் இருந்து கந்தசஷ்டி கவசம் சொல்வார். அந்த அரை இருட்டில் எந்தப் பச்சையும் சாம்பல் வெள்ளைதான், இரண்டுக்கும் பேதமில்லை. பகல் முழுக்க விறாந்தையிலும் குசினியிலும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பார், அந்த நேரம் வேம்பு நிழலும் தரைச் செம்மையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அறை அமைதியாக இருக்கும். எனக்கு உறுத்திய பத்து மணிப் பச்சையை அவர் பார்ப்பதே இல்லை, அந்த நேரம் அவர் மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார். வெள்ளரிக்கு எதிராக நான் வைத்திருந்த ஒரே குறை அதுதான்.

நுங்கின் பக்கம் அம்மாவுக்கும் ஒரு ஆசை இருந்ததை மறைக்க மாட்டேன். தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டுக்குத் தைப்பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும்போது உடுப்புக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கலப்பார்களாம். சுண்ணாம்பின் மஞ்சளை அந்த நீலம் அடித்துவிடும், சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், கை கூடிவிட்டால் இலேசான வானநிறம். நுங்கை முதலில் பார்த்தபோது அவருக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனாலும் கடைசியில் அவரே சொன்னார், வெள்ளரி போதும், அதில் கண் நிற்குது என்று. நுங்கை நான் விரும்பியது கடலுக்காக. கடல் வாசலில் இருக்கிறது, அம்மா படுக்கிற அறையில் அம்மாவின் நிறம் இருக்கட்டும். முடிவு வெள்ளரி.

கணக்குக்கு வருவோம். அறை 12க்கு 10 அடி, சுவர் உயரம் 10 அடி, சுற்றளவு 44 அடி, ஆக 440 சதுர அடி. கதவு, யன்னல்களுக்கு 50 கழித்தால் 390. இரண்டு கோட்டுக்கு 780. இமல்ஷன் ஒரு லீற்றர் ஒழுங்கான சுவரில் ஒரு கோட்டுக்கு 110 சதுர அடி அளவில் பிடிக்கும், எனவே 7 லீற்றருக்குச் சற்று மேல், 4 லீற்றர் ரின் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலக்கச் சொல்லி வாங்கினோம். வீட்டில் பெரிய பக்கெட்டில் இரண்டு ரின்னையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன், மெல்லிய நிறத்தில் ஒரு துளி சாயம் கூடிக் குறைந்தாலே ஒரு சுவர் தனியாகத் தெரியும். புதுப் பூச்சுக்குக் காரம் தாங்கும் பிரைமர் முதலில். கச்சான் அடிக்கிற மத்தியானத்தில் வேலை வேண்டாம், அந்தச் சூட்டுக் காற்றில் ரோலர் அடுத்த வரிக்குப் போகமுன் முதல் வரி காய்ந்து விளிம்பு கோடாக நிற்கும், தூசியும் ஒட்டும். விடிய ஒரு சுவர், பின்னேரம் ஒரு சுவர்.

இன்னும் முடிவாகாதது கதவும் யன்னல் சட்டமும்தான். வெள்ளை என்பது தீர்மானம். அண்ணா எண்ணெய் எனாமல்தான் கடற்காற்றுக்குத் தாங்கும் என்கிறார். என் பயம், எண்ணெய் எனாமல் வெள்ளை காலப்போக்கில் மஞ்சளாகும், வெளிச்சம் குறைந்த இடத்தில் இன்னும் சீக்கிரம், வெள்ளரிக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் வந்தால் சுவரே அழுக்காகத் தெரியும். தண்ணீரில் கலக்கும் எனாமல் அப்படி மஞ்சளாகாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீட்டில் அதை மர யன்னலுக்கு அடித்து ஒன்றிரண்டு மாரி கண்டவர்கள் இருந்தால், எப்படி நிற்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.